ட்வீட்டர் பேசவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பழுது பிடிக்கும் வழி

"சத்தம் வருது, ஆனா கிளியர் இல்லை." திருகோணமலையில் ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் அதிகம் சொல்வது இதைத்தான். சிலர் வரும்போதே புது ட்வீட்டர் (பெட்டியில் உச்ச ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கர்) ஒன்றையும் வாங்கிவந்துவிடுவார்கள். திறந்து பார்த்தால் பழையது நன்றாகவே இருக்கும். பச்சை பிடித்த கிளிப் ஒன்றோ, காய்ந்துபோன கப்பாசிட்டர் (மின்னைத் தேக்கும் சின்னப் பாகம்) ஒன்றோதான் காரணமாக இருக்கும். உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளி என்று கடலைப் பார்த்திருக்கும் வீடுகளில் இது இன்னும் சாதாரணம். அதனால்தான் காசு செலவில்லாத சோதனைகளை முதலிலும் ட்வீட்டர் வாங்குவதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். உங்கள் பெட்டி என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். ஆனால் அடுத்த பகுதியை எல்லோரும் வாசித்துவிடுங்கள்.

## பெட்டியில் கை வைக்குமுன்

பெட்டிக்குத் தனியாகக் கரண்ட் வயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அம்ப் (சத்தத்தைப் பெருக்கும் அம்ப்ளிஃபயர்) அதற்குள்ளேயே இருக்கிறது. உள்ளே 230 வோல்ட் ஓடும், பிளக்கைக் கழற்றிய பிறகும் பெரிய கப்பாசிட்டர்களில் மின் தேங்கி நிற்கும். அந்த வகையைப் பழக்கமில்லாதவர்கள் திறக்கவே வேண்டாம், நேரே திருத்துபவரிடம் கொடுங்கள். கீழே சொல்வதெல்லாம் அம்பிலிருந்து இரண்டு வயர் மட்டும் வருகிற சாதாரணப் பெட்டிக்கு. அதிலும் வயரில் கை வைக்குமுன் அம்பை நிறுத்திப் பிளக்கைக் கழற்றுங்கள். ஓடும்போது இரண்டு வயரும் ஒன்றோடொன்று முட்டினால் அம்ப் போய்விடும்.

மலிவான டிஜிட்டல் மல்டிமீட்டர், ஸ்குரூ ட்ரைவர், குறடு, மாஸ்கிங் டேப், காட்போட் மட்டைத் துண்டு, படம் எடுக்க போன். இவ்வளவும் போதும்.

மட்டை எதற்கு? ட்வீட்டரின் பின்னால் இருக்கும் காந்தம் பார்க்கச் சின்னதாக இருந்தாலும் இழுவை கடுமையானது. ஸ்குரூ ட்ரைவரை முகப்புக்குக் கிட்டக் கொண்டுபோகும்போது அதன் நுனி தானாகத் திரும்பி நடுவிலுள்ள குமிழை நோக்கிப் பாயும். துணிக் குமிழில் ஓட்டை விழ அந்த ஒரு கணம் போதும். குமிழை மூடும் அளவு மட்டையை வெட்டி டேப்பால் ஒட்டிவிட்டு, ஒரு கையைப் பெட்டியில் ஊன்றிக்கொண்டு ஆணியைத் திருகுங்கள். ஆணி தளர்ந்ததும் விரலால் எடுங்கள். நல்ல ட்வீட்டர்கள் பல, கழற்றும் அந்த நிமிஷத்தில்தான் சாகின்றன.

வயரைக் கழற்றுமுன் எந்த நிறம் எந்த முனையில் இருக்கிறது என்று படம் எடுத்துவையுங்கள். சில கம்பனிகள் ட்வீட்டரின் பிளஸ், மைனஸை வேண்டுமென்றே மாற்றிக் கொடுத்திருக்கும். அதைப் பிழை என்று நினைத்து நீங்கள் "சரிசெய்தால்" சத்தம் கெட்டுப்போகும்.

ட்வீட்டர் பேசுகிறதா இல்லையா என்று தூரத்தில் நின்று தீர்மானிக்க முடியாது. பழைய பேப்பரைக் குழாயாகச் சுருட்டி, ஒரு முனையைக் குமிழில் முட்டாமல் கிட்டப் பிடித்து, மறுமுனையில் காதை வையுங்கள். சத்தம் குறைவாக இருக்கட்டும். தாளம், சலங்கை நன்றாகக் கேட்கும் பாட்டு ஒன்றைப் போடுங்கள். மத்திய அலை ரேடியோவை வைத்துச் சோதிக்காதீர்கள், அதில் ட்வீட்டருக்கு வேலையே மிகக் குறைவு. ஐம்பது தாண்டியவர் என்றால் வீட்டுப் பிள்ளை ஒருவரையும் கேட்கச் சொல்லுங்கள். வயதோடு உச்ச ஒலிகள் காதுக்கு எட்டாமல் போவது எல்லோருக்கும் உள்ளது.

## ஒரு பக்கம் மட்டும் ட்வீட்டர் ஊமை

அம்பின் பின்னால் இடது வயரை வலதிலும், வலதை இடதிலும் மாற்றிப் பூட்டுங்கள்.

ஊமை மற்றப் பெட்டிக்குப் போய்விட்டால்: பெட்டியில் பழுதில்லை. அம்ப், அல்லது பாட்டு வருகிற வயர். அந்த வயரை மாற்றிப் பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் அம்பைத் திருத்தக் கொடுங்கள், ட்வீட்டரைத் தொட வேண்டாம்.

அதே பெட்டி ஊமையாகவே இருந்தால்: அந்தப் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். இரண்டு முனைக்குப் பதிலாக நான்கு முனை இருந்தால், மேல் சோடிக்கும் கீழ் சோடிக்கும் நடுவே சின்ன உலோகத் தகடு இருக்கும். மேல் சோடி பெரும்பாலும் ட்வீட்டருக்கு உரியது. அந்தத் தகடு தளர்ந்தாலோ களிம்பு பிடித்தாலோ கீழே வூஃபர் (பேஸ் தரும் பெரிய ஸ்பீக்கர்) பாடும், மேலே ஒன்றும் வராது. தகட்டைக் கழற்றிப் பளபளக்கும்வரை தேய்த்துத் திரும்ப இறுக்குங்கள். பழுது இங்கேயே தீர்ந்துவிடுவதும் உண்டு.

அடுத்தது வயர் நுனி. செம்பு கறுத்தோ பச்சையாகவோ இருந்தால், உள்ளே மின்னும் செம்பு தெரியும்வரை வெட்டி எடுங்கள். உப்புக்காற்று மேலோடு நிற்காது, பிளாஸ்டிக் உறைக்குள்ளும் ஊர்ந்து போகும். அரை அங்குலம் வெட்டியும் கறுப்பாகவே இருந்தால் வயரையே மாற்றுங்கள். கறுத்த கம்பியில் ஈயமும் பிடிக்காது.

அதுவும் சரியென்றால் ட்வீட்டரைக் கழற்றி வெளியே எடுங்கள். பின்னால் இரண்டு கிளிப் இருக்கும். அவற்றை இழுத்து, முனைகளைச் சாண்ட் பேப்பரால் மெல்லத் தேய்த்து, கிளிப்பைக் குறடால் கொஞ்சம் நெருக்கித் திரும்பப் பூட்டிக் கேளுங்கள். சத்தம் வந்தால் வேலை முடிந்தது. முனையில் வாஸ்லின் கொஞ்சமாகப் பூசிவிட்டால் அடுத்த மாரிக்குத் தாங்கும்.

வரவில்லையா? இனித்தான் மீட்டர். கிளிப் இரண்டையும் கழற்றிவிட்டு மீட்டரை 200 ஓமில் வையுங்கள். 8 ஓம் ட்வீட்டர் நல்ல நிலையில் 5 முதல் 7 வரை காட்டும். 6 ஓம் என்றால் நாலரைக்கும் ஐந்தரைக்கும் இடையில். 4 ஓம் என்றால் 3 முதல் 3.8 வரை. மீட்டரின் முனை தொடும்போது குமிழிலிருந்து மெல்லிய "டிக்" சத்தமும் கேட்க வேண்டும்.

ஓம் எண் ஒன்றும் வராமல் திறந்த நிலையை (OL, அல்லது இடது ஓரத்தில் தனி 1) காட்டினால் கொயில், அதாவது குமிழோடு சேர்ந்த கம்பிச் சுருள், அறுந்திருக்கிறது. அப்போதும் உடனே எறியாதீர்கள். முனையிலிருந்து குமிழின் ஓரத்துக்குப் போகும் தலைமயிர்போன்ற கம்பியை டோர்ச் அடித்துப் பாருங்கள். அதில் பச்சைப் புள்ளி இருந்தால் அறுந்தது அந்த இடத்தில்தான். கை நடுங்காத ஒருவர் ஈயத்தால் சேர்த்துவிடலாம். கம்பி முழுதாக இருந்தும் மீட்டர் ஒன்றும் காட்டாவிட்டால் கொயில் உள்ளே எரிந்திருக்கிறது. வூஃபர் கொயில் கட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள், ட்வீட்டர் கொயிலைக் கட்டுவது வீண் செலவு. குமிழும் கொயிலும் சேர்ந்த பாகம் தனியாகக் கிடைக்கும் மாடல் என்றால் அதை வாங்குங்கள், இல்லாவிட்டால் முழு ட்வீட்டர்.

இங்கே ஒரு விதிவிலக்கு உண்டு. மலிவான பார்ட்டிப் பெட்டிகளில் இருக்கும் பியசோ ட்வீட்டரில் கொயிலே கிடையாது. கையில் எடுத்தால் பாரமே இருக்காது, பின்னால் காந்தமும் இராது. அது நல்ல நிலையிலும் மீட்டரில் திறந்த நிலையைத்தான் காட்டும். மற்றப் பெட்டியின் ட்வீட்டரை அந்த இடத்தில் பூட்டிப் பார்ப்பதுதான் அதற்குச் சோதனை.

மீட்டர் சரியான எண் காட்டியும் பாடவில்லை என்றால்: ட்வீட்டருக்கு முன்னால் இருந்து, உச்ச ஒலியை மட்டும் அதற்குப் பிரித்து அனுப்பும் குரொஸ்ஓவரைப் பாருங்கள். சின்னப் பெட்டிகளில் அது வயரில் பற்றவைத்த ஒற்றைக் கப்பாசிட்டராகவே இருக்கும். பெரியவற்றில் தனிப் பலகை. பலகையில் வெள்ளைச் செங்கட்டி போன்ற ரெசிஸ்டரைச் சுற்றி மரநிறமாகக் கருகியிருக்கிறதா, ஈயம் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கப்பாசிட்டரை மாற்றுங்கள். அதே மைக்ரோஃபரட் அளவு, அதே அல்லது கூடிய வோல்ட், முனைபேதம் இல்லாத வகை. உடலில் என்.பி. அல்லது பி.பி. என்று அச்சிட்டிருக்கும். பிளஸ், மைனஸ் உள்ள சாதாரணக் கப்பாசிட்டர் இங்கே உதவாது.

அளவில் கை வைக்கவே வேண்டாம். 8 ஓம் ட்வீட்டருக்கு 4.7 மைக்ரோஃபரட் போட்டால் ஏறத்தாழ 4,200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் குறைத்துத் தடுக்கும். "இதுதான் கையில் இருந்தது" என்று 10 போட்டால் அந்த வாசல் 2,000 வரை இறங்கிவிடும். ட்வீட்டர் தாங்காத சத்தமெல்லாம் உள்ளே போகும். கப்பாசிட்டர் இல்லாமல் நேரடியாக அம்பில் கொடுத்துப் பார்ப்பது அதைவிட மோசம்.

## இரண்டு பக்கமும் ஊமை

பெரிய சத்தத்தில் விசேஷம் நடந்த மறுநாள் என்றால் இரண்டுமே எரிந்திருக்கலாம். மேலே சொன்னபடி அளந்து பாருங்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றால் இரண்டு ட்வீட்டரும் ஒரே நாளில் போவது அபூர்வம். ட்ரெபிள் திருகி, போனில் உள்ள ஈக்வலைசர், அம்பின் இரவு மோட் எல்லாவற்றையும் பாருங்கள். ப்ளூடூத்தில் போன் அழைப்பு மோடுக்கு மாறி நின்றாலும் சத்தம் டெலிபோன்போலச் சுருங்கிவிடும். ப்ளூடூத்தைத் துண்டித்து மறுபடி இணைத்தால் சரியாகும்.

## வந்து வந்து போகிறது

சத்தம் கூட்டினால் போய், சில நிமிஷத்தில் தானாகத் திரும்பினால்: குரொஸ்ஓவரில் பாதுகாப்புச் சுவிட்ச் ஒன்று சூடாகித் தடுக்கிறது. அது தன் வேலையைச் செய்கிறது. அதைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைக்கும்படி யாரும் சொன்னால் கேட்காதீர்கள். சத்தத்தைக் குறையுங்கள்.

பெட்டியைத் தட்டினால் வந்தால்: தளர்ந்த கிளிப், அல்லது பலகையில் வெடித்த ஈயம். கம்பியைச் சுற்றி மெல்லிய வட்டமாக வெடிப்புத் தெரியும். அந்த இடத்தைச் சூடாக்கிப் புது ஈயம் விட்டால் போதும்.

மழைக்காலத்தில் மட்டும் போனால்: ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கி வெயில் வந்ததும் சரியாகிற பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன். களிம்பு ஈரத்தை இழுத்துப் பிடிக்கிறது. எல்லா முனையையும் ஒருதரம் சுத்தம் செய்யாமல் இது தீராது. பெட்டியைக் கடல்பக்க யன்னலுக்கு நேரே வைத்திருந்தால் இடத்தையும் மாற்றுங்கள்.

## கரகரப்பு, உரசல்

முதலில் ட்வீட்டருக்கு வெளியே தேடுங்கள். முன்பக்கத் துணிச் சட்டத்தைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். ஆணிகளை இறுக்குங்கள். ஆனால் மரத்தூள் பலகையில் அளவுக்கு மீறி இறுக்கினால் துளை தேய்ந்துவிடும்.

இரண்டு பக்கமும் ஒரேமாதிரி கரகரத்தால், அதுவும் சத்தம் கூட்டும்போது மட்டும் என்றால், அம்ப் தன் எல்லையைத் தாண்டி இழுக்கப்படுகிறது. கீழே கடைசிக்கு முந்தின தலைப்பைப் பாருங்கள்.

ஒரு பக்கம் மட்டும், குறைந்த சத்தத்திலும் கரகரத்தால் கொயில் ஓடும் இடைவெளியில் ஏதோ இருக்கிறது. எங்கள் கரையில் அந்த ஏதோ பல நேரம் மணல்தான். வடக்கே புல்மோட்டையில் எடுக்கும் கறுப்பு மணலில் உள்ள இல்மனைட் பலமான காந்தத்தில் ஒட்டும். கடற்கரைக்குப் போன பெட்டி, முற்றத்தில் கச்சான் காற்றில் நின்ற பெட்டி என்றால் இதையே முதலில் சந்தேகிப்பேன். சாதாரண வெள்ளை மணல் தட்டினால் கொட்டிவிடும். கறுப்பு மணல் காந்தத்தைப் பிடித்தபடி இருக்கும், தட்டத் தட்ட இன்னும் உள்ளே போகும். வாயால் ஊதுவதும் அப்படித்தான்.

உங்கள் ட்வீட்டரின் குமிழ் ஆணியால் பூட்டியதா, பசையால் ஒட்டியதா என்று பாருங்கள். ஒட்டியதென்றால் இந்த வேலையில் இறங்காதீர்கள், குமிழ் கிழியும். ஆணி என்றால், முகப்பும் காந்தமும் சேரும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, ஆணிகளை எடுத்து, குமிழை நேர் மேலே தூக்குங்கள். சரித்தால் கொயில் உரசும். கீழே ஒரு மெல்லிய வட்ட இடைவெளி தெரியும். தடிப்புக் குறைந்த அட்டையை அதற்குள் போகும் அகலத்தில் வெட்டி, மாஸ்கிங் டேப்பைப் பசைப்பக்கம் வெளியே இருக்கும்படி சுற்றி, இடைவெளிக்குள் விட்டு மெதுவாக வட்டமாக இழுங்கள். வெளியே எடுத்தால் டேப்பில் கறுப்புப் பொட்டுகள் மினுங்கும். புது டேப் சுற்றித் திரும்ப இழுங்கள். டேப் வெறுமையாக வரும்வரை விடாதீர்கள், ஒரே ஒரு மணல் மிஞ்சினாலும் கரகரப்புத் திரும்பும். முடிந்ததும் பென்சில் கோடு பொருந்தும்படி குமிழை இறக்கி, ஆணிகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

திறந்ததும் இடைவெளியில் கறுத்த எண்ணெய் தெரிந்தால் நிறுத்துங்கள். அது அழுக்கில்லை. கொயிலைக் குளிரவைக்கக் கம்பனி விட்ட ஃபெரோஃப்ளூயிட். அது கசடாக இறுகியிருந்தால் துடைத்துவிட்டு அளவாகப் புதிது விட வேண்டும். அந்தத் திரவம் கையில் இல்லாமல் துடைத்துவிட்டால் ட்வீட்டர் சீக்கிரம் எரியும். இதைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

மணலும் இல்லை, எண்ணெயும் இல்லை, பெட்டி மட்டும் கீழே விழுந்திருக்கிறது என்றால் காந்தம் நகர்ந்திருக்கும். அதைத் திரும்ப நடுவில் வைப்பது வீட்டில் நடக்காது. புது ட்வீட்டர்தான்.

## மங்கிய சத்தம்

பாடுகிறது, ஆனால் மற்றப் பக்கத்தைவிட அடங்கிக் கேட்கிறது. இருபது வருஷம் தாண்டிய பெட்டி என்றால் முதல் சந்தேகம் கப்பாசிட்டர். அளவு காட்டும் மீட்டரில் சரியாகக் காட்டினாலும் உள்ளே தடை கூடியிருக்கலாம். விலை பெரிதில்லை, இரண்டு பெட்டியிலும் ஒரேநேரம் மாற்றிவிடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டு பக்கமும் ஒத்துப் பாடாது. கப்பாசிட்டர் மாற்றியும் மங்கலாகவே இருந்தால் ஃபெரோஃப்ளூயிட் இறுகியிருக்கும். யாராவது முன்பு கழற்றிப் பூட்டிய பெட்டி என்றால் ட்வீட்டர் வயர் மாறியிருக்கிறதா என்று மற்றப் பெட்டியோடு ஒப்பிடுங்கள்.

## குமிழ் நசுங்கியிருக்கிறது

சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இது தவிர்க்க முடியாதது. துணிக் குமிழ் என்றால் மாஸ்கிங் டேப்பை மெல்லத் தொட்டுவைத்து நேரே இழுங்கள். மூன்று நான்கு முறையில் எழும்பிவிடும். வேக்குவம் கிளீனரை நேரடியாகப் பிடிக்காதீர்கள். அலுமினியக் குமிழும் எழும்பும், மடிப்புக் கோடு மட்டும் நிற்கும். நசுங்கியும் சத்தம் சுத்தமாக இருந்தால் விட்டுவிடுவதே மேல். விலை கூடிய சில ட்வீட்டர்களில் பெரிலியம் குமிழ் இருக்கும். அது உடைந்திருந்தால் தொடவோ தேய்க்கவோ வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

## புதிதாகப் போட்டதும் எரிகிறது

எனக்கு மிகவும் மனவருத்தம் தருவது இந்த வகைதான். காசு கொடுத்து வாங்கியவர் ஒரு மாதத்தில் திரும்ப வருவார். ஏன் எரிந்தது என்று பார்க்காமல் இன்னொன்றைப் பூட்டுவது அதே நெருப்பில் இன்னொரு விறகைப் போடுவதுதான்.

"பெட்டி 100 வாட், என் அம்ப் 30 வாட்தான், எப்படி எரியும்?" என்று கேட்பார்கள். 100 வாட் என்பது முழுப் பெட்டிக்கு. பாட்டில் பெரும் பங்கு வூஃபருக்குப் போகும், ட்வீட்டர் தொடர்ந்து தாங்குவது சில வாட் மட்டுமே. சின்ன அம்பைக் கடைசிவரை திருகும்போது சத்தம் வெட்டுப்பட்டு, பாட்டில் இல்லாத கூர்மையான ஒலியெல்லாம் உருவாகி ட்வீட்டர் பக்கம் வழிகிறது. பாடுகிறவர் குரல் பிசிறத் தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே திருகியை நிறுத்துங்கள். ட்ரெபிளையும் பேஸையும் முழுதாகக் கூட்டிவிட்டு, மேலே லவுட்னஸையும் போடுவது இதை இன்னும் விரைவாக்கும்.

சத்தம் குறைவாக வைத்தும் எரிந்தால் கப்பாசிட்டரைப் பாருங்கள். முந்தினவர் அதைத் தாண்டி இணைத்திருக்கலாம், பெரிய அளவு போட்டிருக்கலாம். பிறகு, 8 ஓம் இடத்தில் 4 ஓம் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் அம்பைச் சந்தேகியுங்கள். ஸ்பீக்கர் வயரைக் கழற்றி, பாட்டு இல்லாமல் அம்பை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் டி.சி. (நேர் மின்) மில்லிவோல்ட் அளவுங்கள். 100 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் அந்த அம்பில் எந்தப் பெட்டியையும் பூட்டாதீர்கள். அது முதலில் வூஃபரைத்தான் கொல்லும், கப்பாசிட்டர் பழுதாகியிருந்தால் ட்வீட்டரையும் கொண்டுபோகும். அளவு சரியாக இருந்தும், பாட்டு ஒன்றும் ஓடாதபோது அம்ப் கடுமையாகச் சூடானால் காதுக்குக் கேட்காத அலை உள்ளே ஓடக்கூடும். மல்டிமீட்டரால் பிடிக்க முடியாது, ஒசிலஸ்கோப் (மின் அலையைத் திரையில் காட்டும் கருவி) உள்ளவரிடம்தான் போக வேண்டும்.

கரண்ட் போய்த் திரும்பி வரும்போது "டொம்" என்று அடிக்கிற அம்ப் என்றால், கரண்ட் போனதும் அம்பின் சுவிட்சையும் நிறுத்திவிடும் பழக்கம் நல்லது.

## வாங்குவதும், திருத்தக் கொடுப்பதும்

வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். நகரில் கிடைக்காவிட்டால் கொழும்புக்குப் போகிறவரிடம் கொடுத்தனுப்பலாம், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் தேடினால் கிடைக்கும். ஓம், முகப்பின் விட்டம், ஆணித் துளைகளின் இடைவெளி மூன்றும் ஒத்துவர வேண்டும். பின்னால் டெசிபல் எண் அச்சிட்டிருந்தால் அதையும் பாருங்கள். 3 டெசிபல் கூடினாலே ஒரு பக்கம் கூச்சலாகக் கேட்கும். அதே மாடல் கிடைக்காவிட்டால் இரண்டு பக்கத்துக்கும் ஒரே சோடியாக வாங்குங்கள். பூட்டும்போது முகப்புக்குக் கீழே இருந்த மெல்லிய ஸ்பொஞ் வளையத்தை மறக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் பேஸ் அடிக்கும்போது அந்த ஓரத்தால் "புஸ்" என்று காற்று வரும்.

ரிப்பன் ட்வீட்டர் (குமிழுக்குப் பதிலாக மெல்லிய உலோக நாடா உள்ளது), உள்ளே அம்ப் உள்ள பெட்டி, குரொஸ்ஓவர் பலகை கருகிய பெட்டி, அம்பில் டி.சி. காட்டுவது என்றால் திருத்துபவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது "ட்வீட்டர் மாற்றுங்கள்" என்று மட்டும் சொல்லாமல், எந்தப் பக்கம், எப்போது தொடங்கியது, மீட்டர் என்ன காட்டியது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கழற்றிய பாகங்களைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். புதிதாகப் போட்ட கப்பாசிட்டரின் அளவையும் மாற்றிய மாதத்தையும் எழுதிப் பின்பக்க மூடியின் உட்புறத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.